முதல் டேங்க் தீரும்வரை

எங்கள் ஏரிக்கரையில் யார் புதுப் பனிவண்டி வாங்கினாலும் முதலில் ஓட்டுவது ரௌனிதான். வண்டியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். முதல் டேங்க் பெட்ரோல் தீர்ந்தபிறகு வந்து எடுத்துப்போவார்கள்.

புது எஞ்சினுக்குள் பிஸ்டனும் சிலிண்டரும் இன்னும் ஒன்றோடொன்று பழகியிருக்காது. அப்போது முழு வேகம் கொடுத்தால் சூட்டில் உரசி இறுகிவிடும். ஒரே வேகத்தில் வெகுநேரம் ஓட்டுவதும் கெடுதல். வேகத்தை ஏற்றவேண்டும், இறக்கவேண்டும், நடுநடுவே நிறுத்தி ஆறவிடவேண்டும். ஆக்சிலேட்டர் என்பது வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அமுக்கும் ஒரு சின்ன நெம்புகோல். அதைப் பாதிக்கு மேல் அமுக்காமல் இரண்டு நாள் ஓட்டுகிற பொறுமை எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

ரௌனி ஐம்பத்திரண்டு வயதுப் பெண். இனாரி ஏரியில் பனிக்கட்டிக்கு அடியில் வலைவிட்டு வெண்மீன் பிடிக்கிறார். தனியாக வாழ்கிறார். சிரிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் தன் சிரிப்பைத் தானே பாதியில் நிறுத்திவிடுவார்.

பதினொரு வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி ஊலா புது வண்டியில் ஏரிக்குப் போனார். திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து வண்டி மட்டும் கிடைத்தது. ஏரியின் நடுவில், இருக்கைவரை கட்டியாக உறைந்த பனிக்குள் பதிந்து நின்றது. எஞ்சின் சுழலவில்லை. முதல் நாளே முழு வேகம் கொடுத்திருக்கிறான், எஞ்சின் இறுகிவிட்டது, நடந்து கரைசேரப் பார்த்திருக்கிறான் என்று ஊரே பேசியது. ரௌனியும் அதையே நம்பினார். அன்று காலை தம்பியிடம் அவர்தான் சொல்லியிருந்தார், "முதல் டேங்க் தீர்றவரைக்கும் பாதிக்கு மேல அமுக்காதே" என்று. ஒரே ஒரு வார்த்தையைக் கேட்காமல் செத்துப்போனானே என்ற கோபம் அவருக்கு ஆறவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் ஊராரின் எஞ்சின்களைப் பழக்கித்தர ஆரம்பித்தார்.

போன டிசம்பரில் ரௌனியே ஒரு புது வண்டி வாங்கினார். அதற்கு இடம்செய்ய, கொட்டகையில் கிடந்த ஊலாவின் வண்டியை என் அப்பாவான யோர்மாவின் பட்டறைக்கு அனுப்பினார், பிரித்து உதிரிபாகம் எடுத்துக்கொள்ளச் சொல்லி. இரண்டு நாள் கழித்து அப்பா அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரௌனி, கொஞ்சம் உள்ள வா."

"உன் பழைய காப்பியைத்தான் சூடுபண்ணித் தரப்போறேன்னா நான் இங்கயே நிக்கறேன்."

"காப்பி அப்புறம். இதைப் பாரு."

அப்பா விளக்கைச் சிலிண்டருக்குள் காட்டினார். தொழிற்சாலையில் போட்ட மெல்லிய குறுக்குக் கோடுகள் சுவரெங்கும் அப்படியே இருந்தன. பிஸ்டனில் ஒரு கீறல்கூட இல்லை.

"அடியில தண்ணி போய் உறைஞ்சிருக்கு, அப்புறம் துரு புடிச்சிருக்கு. அதனாலதான் சுத்தல. இது சூட்டுல இறுகின எஞ்சின் இல்ல ரௌனி. அவன் பாதிக்கு மேல அமுக்கவே இல்ல."

ரௌனி கையுறையைக் கழற்றி, ஒரு விரலை உள்ளே விட்டு, சுவரைச் சுற்றிலும் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கான்" என்றார். காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

ஜனவரியில் ஒரு வாரம் விடாமல் பனி விழுந்தது. பிறகு வானம் தெளிந்து குளிர் மைனஸ் இருபத்தெட்டுக்கு இறங்கியது. அப்படிப்பட்ட வாரத்துக்குப் பின் ஏரி ஒரு தினுசாக இருக்கும். புதுப்பனியின் எடை தாங்காமல் பனிக்கட்டி கீழே அமுங்கும், விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே ஏறும். மேலே பார்த்தால் வெள்ளையாக, ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். அடியில் முழங்கால் ஆழத்துக்குச் சேறுபோல ஈரப்பனி. அதை வேகமாகத் தாண்டிவிட்டால் தப்பலாம். மெதுவாகப் போனால் வண்டி இறங்கும். நின்றால் சில நிமிடங்களில் அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும்.

பட்டறையை ஒட்டிய எங்கள் கடைக்கு எஞ்சின் எண்ணெய் வாங்க வந்த ரௌனியிடம் அப்பா சொன்னார், "என் வண்டிய எடுத்துட்டுப் போ. இது ஏரியில புது எஞ்சின் பழக்கற வாரம் இல்ல."

"வலை ஒன்பது நாளா தண்ணியில கிடக்கு. இன்னும் விட்டா மீன் நாறிடும். வண்டியையும் பழக்கியாகணும். ஒரே வழிக்கு ரெண்டு நடை போகச் சொல்றியா?"

"நீ ஓட்டறது வண்டியா, தூளியா? அந்த வேகத்துக்கு மீனே நடந்து கரைக்கு வந்துரும்."

"வந்தா உன் கடையில உக்கார வைக்கறேன். உன்னைவிட நல்லா வியாபாரம் பாக்கும்."

பகல் பதினொன்றரைக்குக் கிளம்பினார். அந்த மாதத்தில் சூரியன் இன்னும் மேலே வராத நாட்கள். நண்பகலில் இரண்டு மணிநேரம் நீலமாக ஒரு வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். நீரிணைப் பக்கம் உறையாத தண்ணீரிலிருந்து மூடுபனி கிளம்பி ஏரியின்மேல் தாழ்வாகக் கிடந்தது.

முதல் ஐந்து கிலோமீட்டரில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மூடிமேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பின்னால், தூரத்தில், இன்னொரு வண்டி. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு அணைந்தது.

யாரோ மீன்பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பத்து நிமிடம் ஆறவிட்டுப் புறப்பட்டார்.

இரண்டாவது முறை நிறுத்தியபோதும் அது கேட்டது. இப்போது கொஞ்சம் பக்கத்தில். தீவுப் பாறையில் மோதி வரும் எதிரொலியாக இருக்கலாம் என்று, எஞ்சினை மறுபடி முடுக்கி, இரண்டு தடவை வெடுக்கென்று உறுமவிட்டு அணைத்தார். மூடுபனிக்குள் அது தன்பாட்டுக்கு ஒரே ஒரு நீண்ட ஏற்றம் ஏறி, மெல்ல இறங்கி, நின்றது. எதிரொலி இல்லை.

விளக்கு வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. ரௌனி கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. உடம்பில் மயிர்க்கூச்செறிந்தது என்று என்னிடம் சொன்னார், ஆனால் அது பயத்தால் இல்லை. அந்த ஓட்டத்தில் ஒரு தப்பும் இல்லை என்பதால். ஏற்றம், இறக்கம், ஆறவிடும் நேரம், எல்லாம் அளந்தபடி இருந்தது. பாதிக்கு மேல் ஒரு தடவைகூட ஏறவில்லை. ஊரில் அப்படி ஓட்டுபவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது முறை அவர் நிறுத்தவில்லை. வலைகள் இருந்த விரிகுடாவின் வாயில், வேகத்தை இறக்கும் முறை வந்தபோது வழக்கம்போல் இறக்கினார். வண்டி மூக்கைக் குனிந்தது. கைப்பிடி கனத்தது. திரும்பிப் பார்த்தார். பின்னால் தன் தடம் வெள்ளையாக இல்லை, சாம்பல் நிறத்தில் நீரூறிக் கிடந்தது.

கரை இருநூறு மீட்டர். வண்டி இங்கே நின்றால் முழங்கால்வரை நனைந்து நடக்கவேண்டும். அந்தக் குளிரில், வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, அது நடந்து முடிக்கிற தூரம் இல்லை. தப்ப ஒரே வழி, கட்டைவிரலைக் கடைசிவரை அமுக்குவது. டேங்கில் பாதி பெட்ரோல் இன்னும் இருந்தது.

"விரல் போகல" என்றார் ரௌனி. "மூளை அமுக்குன்னு சொல்லுது. விரல் பாதியில போய் நிக்குது. பதினோரு வருஷமா அங்கதான் நின்னு பழக்கம். யாரோ அடியில கட்டை வெச்ச மாதிரி இருந்தது."

பின்னால் சத்தம் வந்துகொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில், நிதானமாக.

இருக்கைக்கு அடியில் தண்ணீர் சலசலத்தது. ரௌனி இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, குறுக்கே கொண்டுவந்து, வலது கட்டைவிரலின்மேல் வைத்து அழுத்தினார். எஞ்சின் அலறியது. அப்படி ஒரு சத்தத்தைத் தன் கையால் அவர் எழுப்பியதே இல்லை. வண்டி ஒரு கணம் அசையாமல் கிடந்து, பின்னால் சேற்றை வாரியிறைத்து, எகிறியது. சூடான உலோக வாசனை வந்தது. விரலை எடுக்கவில்லை. கரைப் பாறைகளுக்கு நடுவே பிர்ச் புதரில் போய் மோதிய பிறகுதான் எடுத்தார்.

எஞ்சின் தானாக நின்றது. காலணி வாய்வரை பனிச்சேறு அப்பியிருந்தது, அது இறுகத் தொடங்கியது. அவர் ஏரியைப் பார்த்து நின்றார்.

அந்தச் சத்தம் இப்போது அவர் தாண்டிவந்த இடத்தில் இருந்தது. மூடுபனி அங்கே அவ்வளவு அடர்த்தி இல்லை. வெறும் வெள்ளைதான் தெரிந்தது, வண்டி தெரியவில்லை. சத்தம் மட்டும் கனத்து, திணறி, கீழே இறங்கிக்கொண்டே போனது.

"ஊலா, அமுக்கு" என்று ரௌனி கத்தினார். "முழுசா அமுக்கு. நான் சொல்றேன். எஞ்சின் போனாப் போகட்டும்."

அது பாதிக்குமேல் ஏறவில்லை. அவர் தொண்டை கட்டும்வரை கத்தினார். அது சொன்னபடி கேட்கிற பிள்ளைபோல் பாதியிலேயே நின்று முனகியது. பிறகு தாழ்ந்தது. பிறகு இல்லை.

ரௌனி காலணியைத் தட்டி உடைத்துக் கழற்றி, உலர்ந்த காலுறை மாற்றினார். எஞ்சினை ஆறவிட்டு இழுத்தார், நான்காவது இழுப்பில் பிடித்தது. ஏரியில் இறங்காமல், காட்டு வழியாகச் சுற்றி, சாயங்காலம் வீடு வந்தார். மறுநாள் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் விரிகுடாவுக்குப் போனார்கள். உறைந்த சேற்றில் ஒரே ஒரு வண்டித் தடம். அது ரௌனியுடையது.

அவருடைய எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டனின் ஒரு பக்கம் நகத்தால் பிறாண்டியதுபோல் நான்கு கீறல்கள்.

"எவ்வளவு நேரம் முழுசா அமுக்கின?" என்று அப்பா கேட்டார்.

"தெரியல. ஓடுமா?"

"ஓடும். கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். புது பிஸ்டன் போட்டுடறேனே."

"வேணாம். அப்படியே மூடு."

அந்த வண்டியில்தான் இன்றும் வலைக்குப் போகிறார். அவர் தூரத்தில் வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும், அந்த எஞ்சினுக்குள் லேசாக ஒரு கரகரப்பு இருக்கிறது. ஊராரின் புது வண்டிகளையும் இன்னும் பழக்கித்தருகிறார், ஏரியில் அல்ல, காட்டுப் பாதையில். ஆனால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது புதிதாக ஒரு வேலை செய்கிறார். எஞ்சினை அணைத்துவிட்டு, வாங்கியவரை இருக்கையில் உட்காரச் சொல்கிறார். கட்டைவிரலைக் கடைசிவரை அமுக்கச் சொல்கிறார். ஆண்கள் சிரித்துக்கொண்டே அமுக்குகிறார்கள். அவர் சிரிப்பதில்லை. பக்கத்தில் குனிந்து நின்று, நெம்புகோல் கைப்பிடியைத் தொடுகிறதா என்று பார்க்கிறார். தொடாவிட்டால், இன்னொரு தடவை, என்கிறார்.