மூச்சு விட வழியில்லாத பெட்டி

மனைவியின் தம்பிக்கு, எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலில், கல்யாண வீடியோ கடை. அண்மையில் பாகம் பாகமாக வாங்கிப் புதுக் கணினி ஒன்று பூட்டுவித்தான். உள்ளே நல்ல சாமான். வெளியே, தானே பார்த்துத் தெரிந்தெடுத்த பெட்டி. அன்று காலை தொலைபேசியில் அழாத குறை.

"அத்தான், ஒருக்கா கடைக்கு வாங்கோ. பின்னேரம் எபினே மண்டபத்திலை ஒரு கல்யாண வீடியோ போட்டுக் காட்ட வேணும். படம் செய்து முடியிற நேரம் பார்த்து மெஷின் நிண்டு நிண்டு போகுது. இது பிழைச்சா இந்தத் தெருவிலை ஒருத்தரும் எனக்கு வேலை தரமாட்டினம்."

போனேன். வாசலைப் பார்த்தபடி மேசைமேல் நின்றது அந்தப் பெட்டி. பச்சை, சிவப்பு, ஊதா என்று மாறி மாறி எரிந்தது. வீதிவலம் வரும் சப்பறமே தோற்றுப்போகும். முன்பக்கம் கண்ணாடி. பக்கவாட்டில் கண்ணாடி. காற்று எந்த வழியால் உள்ளே வரும் என்று இந்தப் பெட்டிக்குப் படம் கீறினவனிடம் யாருமே கேட்கவில்லையா? கேட்டிருப்பார்கள், அதுதான் கண்ணாடி ஓரத்தில் விரல்கூட நுழையாத நீக்கல் ஒன்று விட்டிருக்கிறான். இத்தனை பெரிய முகத்துக்கு அவ்வளவுதான் மூக்கு.

பின்தகட்டை அமத்தினேன். பிஸ்கட் ரின் மூடிபோல உள்ளே போய், டொக்கென்று திரும்பி வந்தது. வெளியே பாலத்தில் மெற்றோ ஓட, பெட்டியும் சேர்ந்து கிணுகிணுத்தது. ஆணித் துளைகள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு நின்றன. உள்ளே கை விட்டதும் விளிம்பு விரலைக் கிழித்தது. மீன் அடைக்கிற தகரப் பேணிக்கே விளிம்பை மடித்துவிடுகிறார்கள். மீனுக்கு இருக்கிற மரியாதை மனிதக் கைக்கு இல்லை.

"பார்க்க வடிவாத்தானே இருக்கு, அத்தான்."

"வடிவு! பார்த்துக்கொண்டிரு, படம் தன்பாட்டில் முடியும்."

மேலே கை வைத்தேன். தோசைக்கல். சூடு வெளியேற அங்கே ஒரு வலை இருக்க வேண்டும், இருந்தது. அதன்மேல், பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு உறை போடும் கண்ணாடித் தாள், சுருக்கமே இல்லாமல், நாலு பக்கமும் டேப் அடித்து. நடுவில் சந்தனப் பொட்டு.

"இது என்னடாப்பா?"

"மேலை சாமிப்படம் இருக்கெல்லோ. ஊதுபத்திச் சாம்பல் உள்ளை விழுந்தா?"

ரிமோட்டுக்குப் பை, சோபாவுக்குப் பிளாஸ்ரிக், பயணப் பெட்டிக்குக் கடையில் ஒட்டிய தாள் கழற்றாத மேனி. வாங்கியதைப் பாவிப்பதைவிடப் பழுதாகாமல் மூடி வைப்பதில்தான் எங்கள் சனத்துக்குச் சுகம். மூக்கு வைக்காமல் செய்தவன் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். வாயையும் பொத்தியவன் என் மச்சான்.

தாளைப் பொட்டோடு உரித்தெடுத்தேன். இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினேன். மேசைக் காற்றாடியை நேரே உள்ளே திருப்பி, வேலையை முதலிலிருந்து ஓடவிட்டோம். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் நீலக் கோடு திரையில் ஊர்ந்தது. முன்பு நின்ற இடத்தை அது தாண்டும்போது அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். தாண்டியது.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பொம்பிளையின் தகப்பன், கோட்டும் சூட்டுமாக, படத்தை வாங்க வந்துவிட்டார்.

மச்சான் என் காதுக்குள் வந்தான். "அத்தான், கண்ணாடியைப் போடுங்கோ. பழைய சாமான் எண்டு நினைக்கப் போறார்."

கண்ணாடிகளை மடியில் வைத்து, இரண்டு முழங்கைகளையும் அவற்றின்மேல் ஊன்றிக்கொண்டேன். தரவில்லை.

வந்தவர் குடல் தெரியக் கிடந்த பெட்டியைப் பார்த்தார். "என்ன தம்பி, உடைஞ்சு போச்சோ?"

"ஓம் அண்ணை," என்றேன், "வாங்கேக்கையே."

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் அக்காவின் புருஷன் என்ற மரியாதை மட்டும்தான் மிச்சம் இருந்தது. நீலக் கோடு கடைசி மில்லிமீற்றரை நக்கி முடித்தது. படத்தை ஒரு சின்ன டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தோம். அவர் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எபினேக்கு விரைந்தார்.

கதவு சாத்தியதும் மச்சான் என் மடியிலிருந்து கண்ணாடிகளை இழுத்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"எல்லா இடமும் உங்கடை கை அடையாளம்" என்று, சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினான்.