பச்சையாக நின்ற ‘கண்டாவலை’

கிளிநொச்சியில் இணைய இணைப்பு வழங்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சுதாஜினி சேர்ந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. ஊர்தோறும் கோபுரங்களில் உள்ள ரவுட்டர்கள் இயங்குகின்றனவா என்று திரையில் கவனிப்பது அவள் பணி. கணினி நிமிடத்துக்கொருமுறை ஒவ்வொரு ரவுட்டரையும் அழைக்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

அன்று புதன்கிழமை. பிற்பகல் ஒன்றரை மணிக்கு, கண்டாவளையில் கணினிக் கடை நடத்தும் விமலேஸ்வரி மூன்றாம் முறையாக அழைத்தார்.

“தங்கச்சி, காலமை துடக்கம் இணைப்பு இல்லை. என்ர மகள் கம்பசுக்கு விண்ணப்பம் போடவேணும். நாலு மணியோட பூட்டுறாங்கள்.”

“இஞ்ச பச்சையாத்தான் காட்டுது, அக்கா.”

“உங்கட பச்சையை வைச்சு நான் என்ன, கீரை வறை வறுக்கிறதோ?”

சுதாஜினியால் இருக்கையில் இருக்க முடியவில்லை. எழுந்தாள், அமர்ந்தாள், மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தாள். கோபுரம் திருத்தும் சஜீவன் வாசலிலேயே நின்றான். ஆனால், சிவப்பு எரியாமல் அவனை அனுப்பக்கூடாது என்பது மேலாளர் கதிர்காமநாதனின் கட்டளை.

கண்டாவளையின் பச்சைப் புள்ளியை அழுத்திப் பார்த்தாள். ‘கடைசிப் பதில்: திங்கள், முற்பகல் 11.10.’

திங்களன்று பெயர்ப் பட்டியலில் ‘கண்டாவலை’ என்றிருந்ததைக் கண்டு, பொறுக்கமாட்டாமல் ‘கண்டாவளை’ என்று திருத்தியவள் அவளே. மேலாளர் மட்டுமே திருத்தக்கூடிய ரவுட்டர் முகவரிப் பட்டியலிலோ பழைய லகரமே இருந்தது. புதிய பெயருக்கு முகவரி கிடைக்காத கணினி, அழைப்பதையே நிறுத்திவிட்டுப் பழைய நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

பிழையான எழுத்தை மீண்டும் இட்டாள். ஒரு நிமிடம் நகர மறுத்தது.

“சிவப்பு! சஜீவன் அண்ணை, சிவப்பு!”

“சிவப்பைக் கண்டு துள்ளுற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்,” என்றார் கதிர்காமநாதன். தன் திருத்தத்தை அவரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் சஜீவனைக் கண்டாவளைக்கு அனுப்பினார்.

கோபுரத்தில் மின்கம்பி கழன்றிருந்தது. மூன்று இருபத்தைந்துக்குப் பச்சை மீண்டது. அவளோ நிறத்தை நம்பாமல், கடைசிப் பதிலின் நேரத்தையே நிமிடந்தோறும் பார்த்திருந்தாள். நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தொலைபேசி ஒலித்தது.

“போட்டாச்சு, தங்கச்சி! பச்சைதான்!”

கதிர்காமநாதன் முகவரிப் பட்டியலைத் திறந்துகொடுத்தார். “இனி ரெண்டிலயும் ளகரத்தைப் போடுங்கோ, பிள்ளை.”

“நாளைக்குப் போடுறன், ஐயா. இண்டைக்குப் பிழையாவே இருக்கட்டும்.”