நூற்று நாற்பது ஆடுகளுக்கு நடுவே பிரிம்

வினிஃப்ரெட் செச்சல் எங்கள் கரைக்கு வந்தது 1943 மார்ச் எட்டாம் தேதி, ஒரு திங்கட்கிழமை. யுத்த காலம். ஆண்கள் போய்விட்டதால் பெண்களுக்கு மூன்று வாரம் எலி, முயல் பிடிக்கக் கற்றுக்கொடுத்துப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்ததும் மற்ற பெண்கள் ஊர் திரும்பினார்கள். வினி திரும்பவில்லை. வடிகால் வாரியம் அவளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது.

எங்கள் வயல்கள் ஆற்றைவிடப் பதினோரு அடி தாழ்வு. கரையில் முயல் வளை தோண்டினால் ஆறு அந்த வளை வழியாகத்தான் உள்ளே வரும். வினி வளையின் ஒரு வாயில், கீரி போன்ற ஃபெரட் என்னும் பிராணியை உள்ளே விட்டு, மற்ற வாய்களில் வலை கட்டி, வலைக்குத் தப்பி ஓடும் முயலை நாயை விட்டுப் பிடிப்பாள். நான் மதகைப் பார்த்துக்கொண்டவன். காலையும் மாலையும் நீர்மட்டம் குறிக்கக் கரையில் நடப்பேன். அதனால் அவளை ஏறக்குறைய தினமும் பார்த்தேன்.

அதே கரையில் ஆடு மேய்க்கும் குத்தகை ஜேபெஸ் அப்சர்ச்சுடையது. 1949 நவம்பரில் வினியின் முதல் நாய் அவருடைய மூன்று ஆடுகளைக் கிழித்தது. அப்சர்ச் அதைச் சுட்டார். ஆட்டைத் துரத்தும் நாயைச் சுட ஆட்டுக்காரருக்கு உரிமை உண்டு. வினியும் சண்டைக்குப் போகவில்லை. சாக்கில் போட்டு இரண்டு மைல் தோளில் சுமந்துபோய் வீட்டுக்குப் பின்னால் புதைத்தாள். அதன் பிறகு நாலு மாதம் நாயில்லாமல் வேலை செய்தாள்.

அடுத்த மார்ச்சில் பிரிம் வந்தது. ஒன்பது வாரக் குட்டி. தகப்பன் கிரேஹவுண்ட், தாய் ஆட்டுநாய். இந்தக் கலப்பைத்தான் லர்ச்சர் என்கிறோம். ஓட்டம் தகப்பனுடையது, காது கொடுத்துக் கேட்கும் குணம் தாயுடையது. முயல்தோலில் சுற்றிய பந்தைத் தேடி எடுத்துவரவும், பிடித்த முயலைப் பல் படாமல் உயிரோடு கையில் கொடுக்கவும், ஒற்றைச் சீட்டிக்கு இருந்த இடத்தில் படுக்கவும், இரட்டைச் சீட்டிக்குத் திரும்பி வரவும் ஒரு வருஷத்துக்குள் கற்றுக்கொண்டது.

ஆட்டு விஷயத்தில்தான் வினி தவறு செய்தாள். லர்ச்சர் குட்டியை, ஈன்ற ஆடு இருக்கும் பட்டியில் எட்டடிக் கயிற்றோடு ஒரு தடவை விடுவது இங்கே வழக்கம். தாயாடு முட்டிப் புரட்டும். குட்டி அதோடு ஆட்டை மதிக்கக் கற்றுக்கொள்ளும். வினி பிரிமைப் பன்னிரண்டு தடவை விட்டாள். ஒவ்வொரு தடவையும் முதல் நாயை நினைத்தபடி வேலிக்கு வெளியே நின்று, "இன்னும், இன்னும்" என்று தாயாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1951 ஆகஸ்டில் பலன் தெரிந்தது. வேலிக்குப் பின்னால் ஓர் ஆடு இருமியது. பிரிம் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு கண்மூடி ஓடியது; ஓடியது இருபது ஆடுகளுக்கு நடுவே. ஆடுகள் சிதறின. பயந்து ஓடும் நாயும் துரத்தி ஓடும் நாயும் கால் மைலுக்கு அப்பால் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்சர்ச் கால் மைலுக்கு அப்பால் நின்றிருந்தார்.

வினியும் நானும் நின்ற மதகுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒன் நாய் என் ஆடுங்கள வெரட்டுது."

"வெரட்டல மிஸ்டர் அப்சர்ச். அதுங்களப் பாத்து பயந்து ஓடுச்சு."

"நல்லாருக்கே கதை! என் மாமியாரப் பாத்தா நானுந்தான் ஓடுறேன். அடுத்தவன் வயல்ல போயா விழுறேன்?"

"நெசமாத்தான் சொல்றேன்."

"போன நாய்க்கும் ஏதோ ஒண்ணு சொன்ன." கரையைக் கைகாட்டினார். "அக்டோபர் பன்னெண்டு, வெள்ளிக்கிழமை. கரையில என் ஆடு நூத்தி நாப்பதும் நிக்கும். கயிறு இல்லாம மதகுலேருந்து பாலம் வரைக்கும் அத நடத்திக் கூட்டிட்டுப் போ. போயிட்டா அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன்."

"வரலன்னா?"

"வரலன்னா அடுத்த தடவ கரையில அதப் பாத்த எடத்துல சுடுவேன். வந்தாலும் துப்பாக்கியோடதான் பின்னால வருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

ஏழு வாரம் இருந்தது. ஊட்டிய பயத்தை இப்போது இறக்க வேண்டும். பக்கத்துப் பண்ணையில் ஆறு கிழட்டு ஆடுகள் நின்ற வயலின் ஓரத்தில் தினமும் உட்கார்ந்தாள். பிரிம் அவள் பாவாடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது. நான்கு நாள் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"வினி, ஆடு தலையத் தூக்கினதும் நீ கயித்தக் கையில மூணு சுத்து சுத்துற. அதுக்கப்புறந்தான் நாய் நடுங்குது."

"ஒனக்கு மதகத் தவிர வேற வேலையே இல்லியா ஆர்த்தர்?"

மறுநாள் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு வந்தாள். ரொட்டியும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் தின்றபடி நாளுக்குப் பத்து கெஜம் நகர்ந்தாள். செப்டம்பர் கடைசியில் ஓர் ஆடு வந்து பிரிமின் வாலை மோந்து பார்த்தது. பிரிம் எழுந்திருக்கவில்லை. ஆனால் அதன் பின்தொடைத் தசை துடித்துக்கொண்டே இருந்தது. வினி இளைத்துப் போயிருந்தாள். தூக்கமில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குப் புறப்பட்டோம். புல்லில் பனி. மதகிலிருந்து பாலம் எண்ணூற்று எண்பது கெஜம். வினி முன்னால், பிரிம் அவள் இடது முழங்காலோடு, முப்பது கெஜம் பின்னால் அப்சர்ச், அவர் பக்கத்தில் நான். துப்பாக்கியில் இரண்டு தோட்டா போட்டு மூடும் சத்தம் கேட்டதும் வினியின் தோள் ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆடுகள் விலகி வழிவிட்டன. பிரிம் வாலை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு நடந்தது. முந்நூறு கெஜம். நானூறு.

அப்போது வினியின் காலடியிலிருந்து ஒரு வயல்முயல் எழுந்தது. வளை தோண்டாத, புல்லில் படுத்துக் கிடக்கும் பெரிய ஜாதி. நேராக ஆடுகளுக்குள் பாய்ந்தது. பிரிம் அதன் பின்னால் போய்விட்டது.

மந்தை முழுவதும் ஓடத் தொடங்கியது. அப்சர்ச் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார்.

"முயலுங்க! முயல் பின்னாடி போகுது!" என்று கத்தினேன். அவர் காதில் விழுந்ததா தெரியாது.

வினி இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு சீட்டி அடித்தாள். முயல் பின்னால் ஓடும் லர்ச்சர் சீட்டிக்கு நின்று நான் பார்த்ததில்லை. பிரிம் விழுந்ததுபோலப் படுத்தது. அதன் மேலேயும் இரு பக்கமும் ஆடுகள் ஓடின. பிறகு நாயே தெரியவில்லை. ஆட்டு முதுகுகள் மட்டும். அப்சர்ச் குழலை இறக்காமல் வலப்பக்கம் நகர்ந்து இடைவெளி தேடினார்.

மந்தை போய் முடிந்தது. தொண்ணூறு கெஜத்தில், புல்லில் பழுப்பாக ஒன்று கிடந்தது. இரண்டு ஆடுகள் மட்டும் போகாமல் அதன் முகத்துக்கு நேரே நின்று முன்னங்காலால் தரையைத் தட்டின. அது அசையவில்லை.

"கூப்பிடும்மா," என்றார் அப்சர்ச். துப்பாக்கி பாதி இறங்கியிருந்தது.

வினி விரலை வாயில் வைத்தாள். வெறும் காற்று வந்தது. மறுபடி ஊதினாள், காற்றுதான். வாய் உலர்ந்துவிட்டது.

"கூப்பிடு! முட்டப் போகுதுங்க!"

"சீட்டி வரல," என்றாள் வினி. "வாயில எச்சில் இல்ல. கத்துனா வராது, சீட்டிக்குத்தான் வரும்."

அப்சர்ச்சே இரட்டைச் சீட்டி அடித்தார், நன்றாக, உரக்க. பிரிமின் காதுகூடத் திரும்பவில்லை. ஓர் ஆடு தலையைக் குனிந்து அதன் விலாவில் முட்டியது. அப்போதும் படுத்தே கிடந்தது.

வினி ஓடவில்லை, ஓடினால் ஆடுகள் மிரளும். தொண்ணூறு கெஜமும் நடந்தே போனாள். அந்த நடை எவ்வளவு நேரம் என்று என் கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மண்டியிட்டு நாயின் காலையும் விலாவையும் ஒவ்வொரு எலும்பாகத் தடவிப் பார்த்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தோம். நாயின் கண் திறந்திருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது.

அப்சர்ச் துப்பாக்கியை மடித்துத் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பாலம் வரைக்கும் வேண்டாம்," என்றார். "இது போதும்."

"இல்ல," என்றாள் வினி. "பாலம்னு சொன்னீங்க. பாலம் வரைக்கும் போறோம். எழுந்திரு பிரிம்."

மீதி தூரம் முழுவதும் நடந்தார்கள்.