கடைசி பெஞ்சில் கைக்குட்டை

என் சித்தி வாயை மூடிக்கொண்டு பாடுவாள். காலையில் உலை வைத்துவிட்டு "ம்ம்ம்" என்று ஆரம்பித்தால் சோறு வடிக்கும் வரை அதேதான். "பல்வலின்னா டிஸ்பென்சரிக்குப் போயேன்மா" என்பார் அப்பா. பினாங்கில் எங்கள் சந்து முழுக்க அந்தப் பல்வலி பிரசித்தம்.

உண்மையில் அது கான்வென்ட்டில் வெள்ளைக்கார மதர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. மாதா கோயிலில் உச்சக்குரல் பாடும் பெண்கள் கத்தக் கூடாதாம்; முக எலும்பு அதிர வேண்டுமாம். ஒருநாள் சித்தி என் விரலைத் தன் மூக்குத் தண்டில் வைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்றாள். உள்ளே வண்டு சிக்கியதுபோல் குறுகுறுத்தது.

"இங்க அதிர்ந்தா கடைசி பெஞ்சு வரைக்கும் போயிரும்டி. காதே வேணாம், பாடும்போதே எனக்குத் தெரிஞ்சிரும்."

அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தது அம்மாவின் தங்கையான அவள்தான். என் எட்டாவது வயதில் மதர் ஒரு செய்தி சொன்னார். சித்தியின் குரல் பியானோவை மீறிக் கான்வென்ட் மண்டபத்தின் கடைசி பெஞ்சை எட்டினால், சிங்கப்பூரில் ஒரு துரைசானியிடம் இரண்டு வருஷம் பாட்டுப் படிக்க அனுப்புவாராம். அன்று சித்தி சந்தோஷத்தில் சோற்றைக் குழைய விட்டாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். யார் எனக்குத் தலை பின்னிவிடுவார்கள்? அப்பா பின்னினால் தாம்புக் கயிறுதான்.

சோதனை நாளில் மதர் பியானோ முன் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு காது மந்தம், மற்றது ஒப்புக்கு. அதனால் கடைசி பெஞ்சுக்கு நான்தான் காது. குரல் தெளிவாகக் கேட்டால் கைக்குட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

சித்தி பாடினாள். பியானோவைத் தாண்டி வந்த அந்தக் குரல் என் காதோரம் நின்று பாடியது. நான் கைக்குட்டையை பெஞ்சில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

மூன்று முறை பாடினாள். மூன்று முறையும் நான் அசையவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறது என்று மதர் அவளையே கேட்டார். சித்தி மூக்குத் தண்டை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"எட்டலை மதர்."

திரும்பும் வழியில் எனக்கு ஒரு பொட்டலம் கச்சாங் கடலை வாங்கித் தந்தாள். என் பொய் பலித்த குஷியில் ஒரு கடலைகூட அவளுக்குத் தராமல் தின்றேன். காதே வேணாம் என்று அவள் முன்பு சொன்னது எனக்கு உறைக்கப் பல வருஷம் பிடித்தது.

மறுநாள் காலை அடுப்படியில் சத்தமே இல்லை.

"என்னம்மா, பல்வலி போயிருச்சா?" என்றார் அப்பா.

"போயிருச்சு அத்தான்," என்றாள் சித்தி, என் தலையைப் பின்னியபடியே.

அப்பாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.