வாடிக்கையைப் பங்கு வைத்தார்கள்

எங்கள் அச்சகத்தில் ஆர்டர் கொடுக்க ஒருவர் வந்தால் 'பார்ட்டி' என்பார்கள். வருஷாவருஷம் நம்மிடமே காலண்டர் அடிக்கிற அத்தனை பேரையும் சேர்த்துச் சொன்னால் அது 'வாடிக்கை'. சிவகாசியில் அந்த வார்த்தைக்கு மெஷினைவிட மதிப்பு அதிகம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், முதலாளியும் அவர் தம்பியும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். கட்டடம், மெஷின் எல்லாம் பிரித்த பிறகு வாடிக்கையையும் ஊர் ஊராகப் பங்கு வைத்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். விருதுநகர் தம்பிக்குப் போனது, அதோடு நானும். அந்த ஊரில் எட்டு வருஷம் காலண்டர் மாதிரிகள் ஒட்டிய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இனிமே விருதுநகருக்கு என் மச்சினன் போவாப்ல. நீங்க ஆபீஸ்ல இருங்க" என்றார் தம்பி.

"அம்புட்டும் நான் பிடிச்ச கடைக, அண்ணாச்சி."

"பிடிச்சது நீங்கதான். வாடிக்கை கம்பெனிக்குல்லம்மா சொந்தம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே வேலையை விட்டேன். என் சம்பாத்தியத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, தெரிந்தேதான் விட்டேன். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புது ஆல்பம் வெளியிடுவார்கள். அன்றைக்கே இன்னொரு அச்சகத்தின் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். என் வாடிக்கையை எவன் பிடுங்குகிறான் பார்ப்போம் என்ற வீம்புதான்.

முதலில் ஒரு பருப்புக் கடைக்குப் போனேன். மச்சினன் எனக்கு முன்பே வந்து போயிருந்தான்.

"அண்ணாச்சி, நீங்க என் வாடிக்கை. அவுக பங்கு வச்சுக்கிட்டா ஆச்சா?" என்று படபடத்தேன்.

கடைக்காரர் எடை போடுவதை நிறுத்தவில்லை. "முன்னால வந்த மச்சினனும் நீங்க எங்க வாடிக்கைன்னுதான் சொல்லிட்டுப் போனாப்ல. அவுக எழுதி வச்சிருக்காக, நீ எழுதாம வச்சிருக்க. ரெண்டு பேர்ல யாராச்சும் என்னையக் கேட்டீகளாம்மா?"

சுருக்கென்றது. எட்டு வருஷமும் "வழக்கம்போலத்தான அண்ணாச்சி?" என்று நானே ஆர்டரை எழுதிக்கொண்டு வந்தவள்தான் நானும். வெட்கமாக இருந்தது. அதற்காகக் கோபம் தணிந்துவிடவில்லை.

திரும்பிப் போக மனமில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஆல்பத்தை அவர் முன்னால் விரித்தேன்.

"சரி, இப்பக் கேக்கேன். எனக்கு ஆர்டர் தருவீகளா, மாட்டீகளா?"

அவர் தராசை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.