கீரி முகத்தில் விழித்தவர்கள்

முட்டையிட்ட கோழி கத்துவதும் கீரியைக் கண்ட கோழி கத்துவதும் புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்னது கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும், பின்னது அடங்காது என்பது பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்தது; எதிரே மூன்று மாடிக் குடியிருப்பில் இருந்த பெரிய படிப்புக்காரர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலைக்குப் பின்னால், ஏரிக்கரைக் கருவேலம் புதரை ஒட்டி எங்கள் ஷீட் வீடு. அப்பா இல்லை. அம்மா பதினோரு நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்றாள், சோறு அதில்தான். கீரிகள் எங்களுக்கு முன்பிருந்தே அந்தப் புதரில் இருந்தன. எலியும் ஓணானும் தின்றுவிட்டு, மனிதத் தலையைக் கண்டால் ஓடிவிடும். எங்களுக்கும் அவற்றுக்கும் தகராறு இருந்ததில்லை.

பிறகு அந்தக் குடியிருப்பு எழும்பியது. பல ஊர்களிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் அதில் குடியேறினார்கள். கொஞ்ச நாளில் அம்மாவின் முட்டைக்கு அப்படியொரு கிராக்கி. "இன்னாடா இது, பால் பாக்கெட்டு மாரி தெனமும் வாங்கினு போறாங்கோ" என்று பூரித்துப்போனாள்.

அந்த முட்டைகளை அவர்கள் தின்னவில்லை என்பது ஒரு காலையில்தான் தெரிந்தது. காம்பவுண்டுச் சுவர் ஓரம், கோயம்புத்தூர்க்கார சார் ஒருவர், பல்கூடத் துலக்காமல், எங்கள் முட்டையைக் கொட்டாங்கச்சியில் உடைத்து ஊற்றிவிட்டு, கீரி வரும் புதரைப் பார்த்துக் கைகட்டி நின்றார். கீரி முகத்தில் விழித்தால் போகிற காரியம் ஜெயமாம். ஆபீசில் அவருக்குப் பதவி உயர்வு வந்த நாளில் கீரி குறுக்கே ஓடியிருக்கிறது. அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு கொட்டாங்கச்சி. முதல் மாடி டீச்சரம்மா மட்டும், "நாங்க ஜெபிக்கிறவங்க, இதையெல்லாம் நம்பமாட்டோம்" என்றார், முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே. "பையனுக்குப் பரீட்சை முடியற வரைக்கும்தான்."

ஞாயிற்றுக்கிழமை இவர்கள் எழுந்திருப்பது ஒன்பது மணிக்கு. கீரிக்கு ஞாயிறு ஏது? கொட்டாங்கச்சி காலியாக இருக்கவே, முட்டை வாசனை பிடித்து நேரே எங்கள் கூண்டுக்கு வந்தது. முதல் ஞாயிறு இரண்டு கோழி. அடுத்த ஞாயிறு மூன்று. கழுத்தை மட்டும் கடித்துப் போட்டிருந்தது.

அம்மா பொறி வைக்கப்போனதும் குடியிருப்பே இறங்கி வந்தது.

"அக்கா, அதைய ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க, எங்களுக்கெல்லாம் ராசி" என்றார் கோயம்புத்தூர் சார்.

"உனுக்கு ராசி சார், என் கோழிக்கு இன்னா ராசி? கழுத்தக் கடிச்சிப் போட்டுகீது!"

"கூண்டை நல்லா மூடி வைங்கக்கா" என்றது ஒரு குரல். "சத்தம் கேட்டுச்சு, முட்டை போட்டிருக்குன்னு நினைச்சோம்" என்றது இன்னொன்று.

அம்மா அவர்களுக்கு முட்டை தருவதை நிறுத்தினாள். அவர்கள் கடை முட்டை வாங்கி வைத்தார்கள். முட்டை வியாபாரம் படுத்ததால் அம்மா விடிகாலையில் பாத்திரம் தேய்க்கப் போனாள், அதே குடியிருப்புக்கு. மிச்சக் கோழிகளுக்குக் காவல் நான். விடிவதற்குள் எழுந்து, கையில் தடியோடு கூண்டருகே உட்காருவேன். புதர் விலகும், கூர்மூக்கும் சிவந்த கண்ணுமாக அந்த முகம் எட்டிப்பார்க்கும். அம்மா திரும்ப மணி பத்தாகும். பள்ளிக்கூட மணி ஒன்பதுக்கு. ஏழாம் வகுப்பில் என் பெயரை அடித்துவிட்டார்கள். ஒரு வருஷக் காவலுக்குப் பிறகும் மிஞ்சியது மூன்று கோழி. அவற்றை விற்றுவிட்டு ஐயப்பன்தாங்கலுக்குக் குடிபோனோம். நான் லாரியில் ஏறினேன், இன்றுவரை இறங்கவில்லை.

போன மாதம் அந்தச் சாலையில் டயர் பஞ்சரானது. கருவேலம் புதர் இருந்த இடத்தில் இன்னொரு குடியிருப்பு. நடைப்பயிற்சிக்கு வந்த நரைத்த மனிதர் நின்று வேடிக்கை பார்த்தார். பேச்சை வைத்துக் கோயம்புத்தூர் சாரை அடையாளம் கண்டுகொண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"முன்னெல்லாம் இங்கொரு கீரி வருமுங்க. அதைப் பார்த்த நாளெல்லாம் நல்லாவே இருந்துச்சு. இப்பக் கண்ணுலயே படறதில்லை" என்று பெருமூச்சு விட்டார்.

"நான் ஒரு வருஷம், ஒரு நாள் விடாம அது மூஞ்சியிலதான் சார் முழிச்சேன்" என்றேன், ஜாக்கியைச் சுழற்றிக்கொண்டே.

"அடேங்கப்பா!" என்றார், உண்மையான பொறாமையோடு. "கொடுத்துவெச்சவருங்க நீங்க."