கேட்டில் எழுதியிருந்த பெயர்

குடும்ப அட்டை விண்ணப்பத்தில் 'இண்டி பேரு' என்று ஒரு கட்டம் போட்டு, அது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் மனுவைத் தள்ளிவிடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்த அதிகாரியே, என் மகள் காது கேட்காமல் வீணாகக் கழித்த ஏழு மாதங்களுக்கு நீங்கள்தான் காரணம். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

நடந்தது மூன்று வருடங்களுக்கு முன்னால், ஹைதராபாத் உப்பலில். நான் குடியாத்தத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவரும் தமிழர்தான், ஆனால் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர், தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒன்றரை வயதுக்கு மேல்தான் எங்களுக்கே தெரிந்தது. காதுக்குள் கருவி வைத்து ஆபரேஷன் செய்தால் கேட்கும், மூன்று வயதுக்குள் செய்தால் பேச்சும் நன்றாக வரும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். சொந்தச் செலவில் செய்ய எங்களுக்கு வழியில்லை. அரசாங்கத் திட்டத்தில் செய்யலாம். அதற்குக் குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும்.

மனு போட்டோம். திரும்பி வந்தது. மறுபடியும் போட்டோம். மறுபடியும் வந்தது. 'இண்டி பேரு பொருந்தவில்லை.'

தெலுங்கில் இண்டி பேரு என்றால் குடும்பப் பெயர். சொல்லை அப்படியே பிரித்தால் வீட்டுப் பெயர். நமக்கு அது ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் நமக்கு இனிஷியல். என் கணவருக்கு அவர் அப்பாவின் எழுத்து, மகளுக்கு என் கணவரின் எழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும்.

இதில் என் முட்டாள்தனமும் கலந்திருக்கிறது, மறைக்க மாட்டேன். பிரசவமான மறுநாள் ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுக்காக ஒருவர் வந்தார். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். எனக்கு அப்போது தெலுங்கு அரைகுறை. "இண்டி பேரு?" என்றார். வீட்டுப் பெயரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கேட்டில் எழுதியிருந்த பெயரைச் சொன்னேன். 'ஸ்ரீ நிவாஸ்.' அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அது வினையாகும் என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாவது முறையும் மனு திரும்பியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் அதிகாரி, என் வயதுதான் இருக்கும். காகிதங்களைப் புரட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஸ்ரீநிவாஸ் எவரு?" என்றார். யார் இந்த ஸ்ரீநிவாஸ்?

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அது ஆளில்லம்மா, வீடு!" என்றேன்.

பக்கத்து மேஜைக்காரர் சும்மா இருக்கவில்லை. "வீட்டுக்குப் பொறந்த பிள்ளையா?" என்று தெலுங்கில் கேட்டார். இன்னும் நிறையப் பேர் சிரித்தார்கள்.

நான் மேஜையில் ஓங்கி அடித்தேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுதினால் நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள். கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் வாயில் எப்போதும் ஹைதராபாத் பேச்சுதான்: நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். "நக்கோடி, நக்கோ! கத்தாதே. நம்ம வேலைதான் கெட்டுப்போகும்."

"இனிமே கெட என்ன இருக்கு? உம் பொண்ண யாரு பொண்ணுன்னு கேக்கறா, நீ ஹவ் மேடம் ஹவ் மேடம்னு தலையாட்டு!"

அந்த அதிகாரி முகம் இறுகிப்போய், "வீட்டுக்கு விசாரணைக்கு வருவோம்" என்று மட்டும் சொன்னார். மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

நாலு நாள் கழித்து மதியம் அவரே வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தியவர் உள்ளே வராமல் கேட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிரித்துவிட்டார். "ஈயனேனா மீ ஸ்ரீநிவாஸ்?" இவர்தானா உங்கள் ஸ்ரீநிவாஸ்? போனை எடுத்துக் கேட்டைப் படம் பிடித்தார். சிரிக்கக் கூடாது என்று வீம்பாக நின்ற எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கணவர் நைட் ஷிப்ட் முடித்து வீட்டில்தான் இருந்தார். மகள் அவர் மடியில். அவர் பேசும்போதெல்லாம் அவர் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அதிர்வதுதான் அவளுக்குப் பேச்சு. அதிகாரி தரையில் உட்கார்ந்து இனிஷியல் கணக்கை விசாரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, மகள் இறங்கிப் போய் அந்தம்மா தொண்டையிலும் கையை வைத்தாள். அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். கையை எடுக்கப் பார்த்தாள். உடனே அவர், "சிட்டி தல்லி, சிட்டி தல்லி" என்று, நாம் கண்ணம்மா என்று கொஞ்சுவதுபோல், விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கையை எடுக்கவில்லை.

விசாரணை அறிக்கையை அங்கேயே கையால் எழுதினார். இந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு இண்டி பேரு கிடையாது, அப்பா பெயரே முன்னெழுத்து, ஸ்ரீ நிவாஸ் என்பது குடியிருக்கும் வீட்டின் பெயர், மூவரும் ஒரே குடும்பம், நேரில் பார்த்தேன். எழுதி முடித்ததும் என்னைப் பார்த்து, "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். நீ இனிஷியலைச் சரியாகச் சொல்லியிருந்தாலும் கம்ப்யூட்டர் தள்ளித்தான் இருக்கும் என்றும் சொன்னார். நான் பதிலுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் அட்டை வந்தது. மூன்று வயது முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஆபரேஷன் நடந்தது. கருவியை முடுக்கிய நாளில், சத்தம் கேட்டுப் பயந்து வீறிட்டு அழுதாள். அவள் அழுததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான். தெளிவாக அவள் வாயில் வந்த முதல் சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நக்கோ."

ஆனால் டாக்டர் இன்றும் சொல்கிறார், ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் அவள் பேச்சில் இப்போதிருக்கும் திக்கல் இவ்வளவு இருந்திருக்காது என்று.

ஒரு பெண் நாற்காலியை விட்டு எழுந்து எங்கள் தெருவரைக்கும் வந்ததால் என் மகள் பேசுகிறாள். அவள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் கேட்கும்போது, யாருமே போய்ப் பார்க்காத வீடுகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. அப்படி நேரில் பார்க்காமலே எத்தனை பிள்ளைகளின் மனுவைத் தள்ளினீர்கள்? அதிகாரியே, அதை நாலு பேர் அறியப் பொதுவில் சொல்லுங்கள்.